சொட்டு விழும் இடம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் பழைய பெயர் பிட் தெரு. 1801-இல் எழுந்த பள்ளிவாசலைத் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து போகும் பழைய லாரிகளைப் பார்த்தால் மனம் பதைக்கும். எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் விசிறியும் கூலண்ட் என்ற குளிர்விக்கும் நீரும்தான் இஞ்சினைக் காக்கின்றன.

கூலண்ட் கசிந்தால்?

இஞ்சின் சூடாக இருக்கும்போது தேடினால் எளிதில் அகப்படாது. கொதிக்கும் இரும்பில் பட்ட சொட்டு அங்கேயே ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவம் மட்டும் மிஞ்சும். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தேடுவது அந்தத் தடத்தைத்தான். பிறகு, இஞ்சின் நன்றாக ஆறியதும், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை ஏற்றுவார். பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் கசிவு உறுதி. ஹோஸ் முனைகளையும் கிளிப்புகளையும் விரலால் தடவிப் பார்ப்பார்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அதில் நீர் சொட்டுகிறது. அதைப் பசை வைத்து அடைப்பது பெரிய தவறு. நீர் பேரிங்கைக் கெடுத்துவிடும். பம்பை மாற்றியே ஆக வேண்டும்.

வெளியே ஈரமே இல்லாமல் கூலண்ட் குறைகிறதா? ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்கட்டும். ஆயில் தே தாரிக் என்ற பால்தேநீரின் நிறத்தில் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த லாரியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.