அதிபர் நாற்காலியை விட்டு எழுந்தவர்

வாத்தியார் வேலை என்றால் ஓய்வூதியம் வரை போகிற வேலை என்பது நம் ஊர்க் கணக்கு. நூறு வருடங்களுக்கு முன்பே அந்தக் கணக்கைக் குழப்பியவர் ஒருவர் உண்டு.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி மாணவர். பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். லண்டன் விஞ்ஞானப் பட்டம், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் இரண்டும் கையில். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரும் ஆனார்.

1922இல் அத்தனையையும் விட்டுவிட்டார்.

சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து பத்திரிகை ஆசிரியரானார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். ஆனால் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை! ஊர் திரும்பியவர், மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

பழைய தொழிலில் கற்றது வீண் என்று நினைப்பவர்கள் அவருடைய 'யாழ் நூல்' பக்கம் போகலாம். வழக்கொழிந்த யாழை மீட்க, சிலப்பதிகாரத்தோடு கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கு அழைத்தார். தமிழ்ப் பண்டிதர் மட்டுமாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு வந்திருக்குமா? நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார்.