வீட்டிற்குள் அந்நியர்



மனிதத் துயரம், புறக்கணிப்பு, அந்நியமாதல் ஆகியவை இலக்கியத்தில் பெறும் இடத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே தொடங்குவர். 1915-இல் வெளிவந்த காஃப்காவின் 'உருமாற்றம்', 1942-இல் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' ஆகிய இரண்டும் தவறாமல் எடுத்துக்காட்டப்பெறும். இரண்டும் பெரும் படைப்புகளே. ஆயினும் கருங்கல்லில் கூடியுள்ள ஓர் அவை அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. இவ்வூருக்கு மேற்கே கடலோரத்தில் தேங்காய்ப்பட்டணம், கிழக்கே இரணியல், தக்கலைப் பகுதியில் புலிப்புனம் என மூன்று ஊர்கள் உள்ளன. மூன்றும் தமிழ் நாவல் வரலாற்றில் நிலைபெற்றவை. மூன்று ஊர்களோடும் தொடர்புடைய எழுத்தாளர்கள் எழுதிய நாவல்களில் வரும் துயரங்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. அவற்றில் மனிதரை வெளியே தள்ளுவோர் பகைவர் அல்லர், சொந்தக்காரர்.

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-இல் வெளிவந்தது. இரணியல் வட்டாரத்துச் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. திரவி என்னும் இளைஞனின் கண்வழியே நாவல் நடக்கிறது. அவனுடைய அக்காள் நாகு மணமாகிப் புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள். கணவன் கூறும் காரணம், அவள் மனைவியாக வாழத் தக்க பெண்ணே அல்லள் என்பது. இந்தப் பழியின் கொடுமையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருட்டுப் பழி என்றால் சாட்சி கேட்கலாம். கடன் பழி என்றால் கணக்கைக் காட்டலாம். இதற்கு ஒரு பெண் எந்த மன்றில் நின்று, யாரிடம், எந்த வாயால் விடை சொல்வாள்? மறுத்துப் பேசுவதே வெட்கம் எனக் கருதப்படும் ஊரில் பழி தானாகவே உண்மையாகிவிடுகிறது. நாகு பிறந்த வீட்டிற்குத் திரும்புகிறாள். அங்கே ஆச்சி இருக்கிறாள், பெற்றோர் இருக்கின்றனர், உறவுக்குக் குறைவில்லை. ஆயினும் அந்த வீட்டில் அவளுக்கென ஓர் இடம் இல்லை. உண்பதும் உறங்குவதும் பிறர்க்குச் சுமையாகிறேன் என்னும் எண்ணத்தோடு நிகழ்கின்றன.

காஃப்காவின் கதை நினைவுக்கு வர வேண்டிய இடம் இதுவே. ஒரு நாள் காலையில் பூச்சியாக மாறிக் கிடக்கும் கிரகோர் சாம்சாவைக் காட்டிற்கு எவரும் துரத்துவதில்லை. அவன் தன் வீட்டிலேயே, தன் அறையிலேயே இருக்கிறான். கதவு மட்டும் அடைக்கப்படுகிறது. குடும்பத்திற்குச் சம்பாதித்துக் கொடுத்தவன் அவன்தான் என்பதை நினைத்தால் கதை இன்னும் கசக்கிறது. பிராக் நகரத்து அடைத்த அறைக்கும் இரணியல் வீட்டின் உள்கட்டுக்கும் இடையே உள்ள தூரம், வரைபடம் காட்டும் அளவிற்குப் பெரிதன்று.

'தலைமுறைகள்' துயரத்தைக் காட்டியதோடு நிற்கவில்லை. திரவி பெரிய வீரன் அல்லன்; தயங்குகிறவன், படித்தவன், குடும்பத்தின் கடனை அறிந்தவன். ஆனால் அக்காள்மீது விழுந்த பழி பொய் என்பதை அவனால் மறக்க இயலவில்லை. உலகம் வகுத்த வழக்கம் என்று மூத்தோர் அடங்கிப்போகும்போது, இந்த வழக்கத்தை யார் வகுத்தார் என்று அவன் உள்ளம் கேட்கிறது. நாவலின் வலிமை அந்தக் கேள்வியில் இருக்கிறது. கண்ணீரை மட்டும் எழுதியிருந்தால் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதை எவரும் எடுத்துப் படிக்கமாட்டார்.

ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் எழுதிய 'புத்தம் வீடு' பனையேறிகள் வாழும் ஊரில் நிகழ்கிறது. பெருமை மிஞ்சி, பொருள் கரைந்துபோன குடும்பத்தின் பெண் லிஸி. பருவமெய்தியதும் பள்ளி நின்றுபோகிறது; வீடே அவளுக்கு எல்லையாகிறது. அவள் மனம் நாடுவது பனையேறியின் மகன் தங்கராஜை. ஒரே மதம், ஒரே சாதி. இருந்தும் ஏறுகிறவன் வேறு, பனைக்கு உடையவன் வேறு என்னும் கோடு நடுவே கிடக்கிறது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஆசிரியர் இதனை உரத்த குரலில் சொல்லவில்லை. லிஸியின் மௌனத்தை அருகிருந்து கவனிக்கிறார், அவ்வளவே. தமிழில் பெண்ணின் தனிமையைப் பற்றி வந்த எத்தனையோ ஆர்ப்பாட்டமான எழுத்துகளைவிட அந்தக் கவனிப்பு மேலானது.

தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகம்மது மீரான் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். 1988-இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வடக்கு வீட்டு முதலாளியின் சொல்லே ஊரின் சட்டம். அதற்குப் பணியாத சுறாப்பீலி வியாபாரி மகமூதும், ஆங்கிலப் பள்ளி நடத்தவந்த ஆசிரியரும் ஊரின் நடுவிலேயே தனியராகின்றனர். இங்கு வீட்டின் இடத்தில் ஊர் நிற்கிறது. கதவு அதே கதவுதான்.

இதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' இவற்றிற்கெல்லாம் அப்பால் செல்கிறது. உறுப்புக் குறையோடு பிறந்தவர்களை வைத்துப் பிச்சையெடுக்கச் செய்து பிழைப்பவர்கள் அவர்களைக் குறிக்கும் சொல் 'உருப்படி'. ஆடு மாடுகளையும் துணிகளையும் எண்ணப் பயன்படும் சொல் மனிதர்மேல் ஏறும்போது, அடிக்காமலேயே ஓர் இம்சை நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த உருப்படிகள் தமக்குள் சிரிக்கின்றனர், கேலி பேசுகின்றனர், அன்பு கொள்கின்றனர். படிப்போரின் இரக்கத்தை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. துயரத்தை எழுதும் இலக்கியத்திற்குள்ள பெரிய ஆபத்து அந்த இரக்கமே. கதையைப் படித்துக் கண் கலங்கியவர், தம்மை நல்லவரென்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக உறங்கச் செல்ல அது வழிசெய்துவிடும்.

புறக்கணிப்பைப் பற்றிய பழந்தமிழ்ப் பெருநூல் சிலப்பதிகாரம். கணவனால் கைவிடப்பட்ட கண்ணகி, அவன் திரும்பி வந்தபின் அவனோடு மதுரைக்கு நடக்கிறாள். வழித்துணையாக வருபவர் சமணத் துறவியான கவுந்தியடிகள். கருங்கல்லுக்கு வடக்கே சிதறால் மலையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்கு அருகே குரத்தியார் ஒருவர் அளித்த கொடையைக் கூறும் கல்வெட்டு இருக்கிறது. கவுந்தியடிகளைப் போன்ற பெண் துறவியர் இம்மண்ணுக்குப் புதியவர் அல்லர்.

வழியில் இருவர் குறுக்கிட்டு அந்த இணையரை இழிவாகப் பேசுகின்றனர். அடிகள் வெகுண்டு அவர்களை நரிகளாகுமாறு சபிக்கிறார். துறவியையும் சினம் வென்றுவிட்டது என்பதை இளங்கோ மறைக்கவில்லை. அப்போது நடுங்கி நின்று, அவர்கள் அறியாமையால் பேசினர், விடுதலைக்குக் காலம் சொல்லுங்கள் என்று வேண்டுவோர் கோவலனும் கண்ணகியும். வீட்டையும் ஊரையும் இழந்து நடப்பவள், தன்னை இழித்தவர்க்காகப் பரிந்து நிற்கிறாள். சாபம் பன்னிரண்டு திங்களாகச் சுருங்குகிறது. காவியத்தில் பலரும் விரைந்து கடந்துபோகும் இடம் இது. மதுரை எரியும் காட்சியைப் போல மேடைக்கு உகந்ததன்று.

பின்னர் அடிகள் மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி புதுமனையும் பாலும் தயிரும் தந்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். யாரென்றும் தெரியாத ஒருத்திக்கு இடையர் வீட்டுக் கதவு திறந்தது. அடுத்து நடந்தது யாவரும் அறிந்ததே. ஆனால் அடைக்கலம் கொடுத்தவர்கள் என்ன ஆயினர் என்பதை இளங்கோ நெடுந்தொலைவு சென்றபின், வஞ்சிக் காண்டத்தில், சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் சொல்லும் செய்தியாக வைக்கிறார். காக்க ஏற்றவளைக் காக்க இயலாத மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பு பூண்டு உயிர் நீத்தார்.