பிள்ளைகளுக்குத் தன்னாட்சி தாருங்கள்!

(திருத்தணியில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தணிகை மலையடியில் நின்று பேசுகின்றேன். குறிஞ்சி நிலத் தெய்வத்திற்குத் தொல்காப்பியர் தந்த பெயர் சேயோன். சேய் என்னுஞ் சொல்லுக்குச் செம்மை என்பதும் பொருள். பிள்ளை என்பதும் பொருள். அச் சேயோன் சினந் தணிந்து அமர்ந்த இடமாதலின் இது தணிகை எனப் பெயர் பெற்றதென்று இவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பிள்ளையின் பெயர் தாங்கிய தெய்வத்தின் மலையடியில், இன்றைய பிள்ளைகள் எங்கே என்று கேட்கவே வந்திருக்கின்றேன்.

இன்று மாலை தொடர்வண்டி நிலையத்திலிருந்து பொய்கைக்கரை வரை நடந்தே வந்தேன். ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்று சொல்லப்படும் 365 படிகளிலும் அடியார் கூட்டம் ஏறியிறங்கிக் கொண்டிருந்தது. தெருக்களில் வண்டிகள் நெருங்கின. புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் பள்ளியினின்று தனிப்பயிற்சிக்கும், தனிப்பயிற்சியினின்று வீட்டிற்கும் நடந்தனர். ஒரு வாயிற்படியில் மூன்று சிறுவர் தோளோடு தோள் உராய அமர்ந்திருந்தனர். மூவர் கண்ணும் மூன்று கைப்பேசியில். கோலி உருட்டுவாரைக் காணவில்லை. பாண்டிக் கட்டம் கீறிய தெருவைக் காணவில்லை. ஞாயிறு சாயும் வேளையில் பிள்ளைகளின் கூச்சல் எழாத ஊர், ஊர்தானா?

இம்மண் எளிதாகக் கிடைத்ததன்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் நம் கையை விட்டுப் போயிற்று. புலவர் மங்கலங்கிழார் ஊட்டிய தமிழுணர்வும், ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டமும், வடவெல்லைத் தமிழர் ஏற்ற சிறையும் பழுதாகவில்லை. 1960ஆம் ஆண்டு (தி.ஆ. 1991) ஏப்பிரல் முதல் நாள் தணிகை தமிழ்நாட்டோடு இணைந்தது. மண்ணை மீட்டோம், மகிழ்ந்தோம். ஆயின், மீட்ட மண்ணில் நம் பிள்ளைகளின் கால் படுகின்றதா என்று பார்த்தோமா?

விளையாட்டு என்னுஞ் சொல்லையே எண்ணிப் பாருங்கள். விளைதல் என்பதற்கு விரும்புதல் என்றொரு பொருளுண்டு. விரும்பி ஆடும் ஆட்டே விளையாட்டு என மொழிஞாயிறு பாவாணர் விளக்கினார். எனவே பிறர் ஏவ ஆடுவது விளையாட்டாகாது. மணியடித்தால் தொடங்கி, ஊதல் ஊதினால் நின்று, பயிற்றுநர் சொன்ன இடத்தில் சொன்னவாறு ஓடுவது உடற்பயிற்சி, அது நன்றே. ஆனால் விளையாட்டு வேறு. எதை ஆடுவது, எவர் எப்பக்கம், எங்கே கோடு, எப்போது முடிவு என்று பிள்ளைகளே முடிவு செய்வது எதுவோ, அதுவே விளையாட்டு. நம் முன்னோர் இச்சொல்லை இட்டபோதே விடுதலையை அதனுள் வைத்துவிட்டனர்.

1954ஆம் ஆண்டில் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலை வெளியிட்டார். சொல்லாராய்ச்சிக்கே வாழ்வை ஈந்த அப்பெருமகனார் பிள்ளைகளின் ஆட்டங்களைத் தொகுத்து, பகலாட்டு, இரவாட்டு எனப் பகுத்து, ஆட்டின் பெயர், ஆடுவார் தொகை, ஆடு கருவி, ஆடுமுறை, ஆட்டின் பயன் என ஒவ்வொன்றாய் எழுதினார். அவற்றை இயற்றியவர் யார்? எந்தப் பள்ளி கற்பித்தது? பத்து அகவையான் எட்டு அகவையானுக்குக் கற்பித்தான். அவன் வளர்ந்து அடுத்தவனுக்குக் கற்பித்தான். இடையே ஒரு பெரியவரும் இல்லை. பிள்ளைகளே காத்துப் பிள்ளைகளுக்கே கையளித்த செல்வம் அது.

நம் பழைய இலக்கியமும் இதனை அறியும். உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்தார். செல்வமும் அறிவும் காதலும் இருக்கும் வரிசையில் விளையாட்டுக்கும் இடம்! தொண்டை நாடாண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டித் திரியும் சிறுவர் வருகின்றனர். அது நம் தணிகையையும் உள்ளடக்கிய நாடு. பிள்ளைத்தமிழில் சிற்றில் என ஒரு பருவமே உண்டு. சிறுமியர் மணல்வீடு கட்டுவர், சிறுவன் வந்து சிதைப்பான், அவர்கள் மன்றாடுவர். பெரியோர் எவரையும் தீர்ப்புச் சொல்ல அழைத்ததாக அங்கில்லை.

பெரியோர் புகாத ஆட்டத்தில் உள்ளத்திற்கு யாது நிகழ்கின்றது? கிட்டிப்புள் ஆடுவோரைப் பாருங்கள். புள் பிடிபட்டதா, மண்ணில் பட்டதா என்று பூசல் எழுகின்றது. கத்துகின்றனர். ஒருவன் சினந்து போகின்றான். அவன் போனால் ஆளில்லை; ஆளில்லையேல் ஆட்டமில்லை. எனவே அவனை அழைக்கின்றனர். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்புகின்றான். சினத்தை அடக்கவும், விட்டுக்கொடுக்கவும், தோல்வியை விழுங்கவும் அவன் அக்கால்மணி நேரத்திற் கற்றதை எந்த அறவுரை கற்பிக்கும்? பூசலிட்டால் ‘காய்’ விடுவதும், கூடினால் ‘பழம்’ விடுவதும் நம் பிள்ளைகளின் வழக்கம். பகை முதிராத காய். நட்பு முதிர்ந்த பழம்! விளையாடத் தெரியாத சிறு பிள்ளையை விரட்டாமல், ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொண்டனர். அதற்குத் தோல்வியில்லை, ஆயினும் கூட்டத்தில் இடமுண்டு. இவ்வருளுடைமையைச் சட்டமாக இயற்றியவர் பாராளுமன்றத்தார் அல்லர், தெருப்பிள்ளைகள்.

அச்சமும் அப்படியே. புளியமரத்தின் முதற்கிளையில் ஏறினான், நெஞ்சு படபடத்தது, இறங்கினான், மறுநாள் இரண்டாங் கிளை. சிறிது சிறிதாக அச்சத்தை உண்டு செரித்தவன் பின்னாளில் தேர்வுத்தாளைக் கண்டு நடுங்கமாட்டான். தன் வாழ்வு தன் கையில் என்னும் உறுதி, தானே முடிவெடுத்துப் பழகியவனுக்கே வரும். எழுவது முதல் படுப்பது வரை பிறர் முடிவிலேயே வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு சிறு தோல்வியும் உலகமே இடிந்ததாகத் தோன்றும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. இங்கிலாந்தில் ஏழெட்டு அகவைப் பிள்ளைகளுள் பெரியோர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றோர் 1971இல் நூற்றுக்கு 80 பேர். 1990இலோ நூற்றுக்கு 9 பேர். ஒரு தலைமுறைக்குள் பிள்ளைகளின் உலகம் எவ்வளவு சுருங்கிற்று! அமெரிக்க அறிஞர் பீட்டர் கிரேயும் அவர்தம் தோழர் இருவரும் 2023இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையில், பெரியோர் கண்காணிப்பின்றி ஆடித் திரியும் உரிமை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருவதே பிள்ளைகளின் உளநலம் குன்றுவதற்கு ஒரு பெருங் கரணியம் என்று சான்றுகளைத் தொகுத்துக் காட்டினர். இந்திய நாட்டு உளநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தபோது, 13 முதல் 17 அகவை வரையினருள் நூற்றுக்கு ஏழு பேர்க்கு உளநலக் குறை இருந்தமை தெரியவந்தது. அதன்பின் வந்தது மகுடைத் தொற்று (கொரோனா). 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்பினர்க்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்த பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்தோம். நோய் போயிற்று, கைப்பேசி போகவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். உளநோய் யாவும் விளையாடாமையால் வருவன அல்ல; விளையாட விட்டால் எல்லாம் தீருமென்றும் சொல்லேன். உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, பேச்சற்றுக் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒருநாளும் நாணாதீர். நான் சொல்வது, பிள்ளைகள் பலர்க்கும் உரிய அன்றாட உணவை நாமே நிறுத்திவிட்டோம் என்பது.

தாய்மார்கள் கேட்பீர்கள்: “தெருவில் வண்டிகள் பறக்கின்றனவே, பெண் பிள்ளையை எப்படி விடுவது?” இவ்வச்சம் பொய்யன்று. அதனை எள்ளி நகையாடுவோன் மகளைப் பெறாதவன். ஆனால் கண்காணியாமை வேறு, கைவிடுதல் வேறு. முன்பு திண்ணையில் பாட்டியர் இருந்தனர். கடை வாயிலில் தெரிந்தவர் இருந்தனர். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருந்தனர், ஆட்டத்திற்குள் புகவில்லை. அத்திண்ணையை இழந்தோம். இடர் வரும்போதெல்லாம் பெண் பிள்ளையை உள்ளே தள்ளுகின்றோமே, வண்டியை ஒருநாளேனும் வெளியே நிறுத்தினோமா? பழைய தெருவிலும் குறையிருந்தது. ஊர்ப் பிள்ளை சேரிப் பிள்ளையோடு ஆடக்கூடாதென்று சாதி அங்கும் கோடு கிழித்தது. பிள்ளைகள் கிழித்த கோடுகளை மழை அழித்தது. பெரியோர் கிழித்த கோடு இன்னும் அழியவில்லை. அதை அழித்துத்தான் தெருவைத் திருப்பித் தரவேண்டும்.

இனி, நம் குறைக்கு வருகின்றேன். தமிழுணர்வாளராகிய நாம் என்ன செய்கின்றோம்? குறள் ஒப்புவித்தல் போட்டி, பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று ஞாயிற்றுக்கிழமைகளையும் பிள்ளைகளிடமிருந்து பறிக்கின்றோம். நானும் பறித்தேன். ஓரூரில் பல அதிகாரங்களைத் தடங்கலின்றி ஒப்புவித்த சிறுமியை மேடையில் நிறுத்தி, “பரிசோடு வேறென்ன வேண்டும், அம்மா?” என்றேன். அவள் தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்ல, “நாளைக்கு விளையாட விடச் சொல்லுங்கள், ஐயா” என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இரவு உறக்கம் வரவில்லை. தமிழைக் காக்கப் புறப்பட்ட நான், ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைச் சுமையாக்கினேன் அல்லனோ?

தமிழ் மேடையில் மட்டும் வாழ்வதில்லை. ‘உத்தி’ பிரித்து ஆள் எடுத்த பிள்ளைகளின் நாவில் அது தானாக வாழ்ந்தது. இன்று ஆட்டமே இல்லாத வீட்டில் அச்சொல்லும் இல்லை. கைப்பேசி ஆட்டத்தின் அயற்சொற்களே உள. எல்லையூராராகிய நீங்கள் இன்னொன்றையும் அறிவீர்கள். நாம் சடுகுடு என்பதை அண்டையிலுள்ள தெலுங்குப் பிள்ளை செடுகுடு என்கின்றான். நம் பல்லாங்குழி அவர்கட்கு வாமனகுண்டலு. முன்னால் வடசொல் ஒட்டினும், குழியைக் குறிக்கும் குண்ட என்பது நம் மொழிக்குடும்பத்துச் சொல்லே. மாநில எல்லைக்காகப் பெரியோர் பொருதிய நாளிலும் ஆட்டங்கள் எல்லை தாண்டிக் கைகோத்து நின்றன. திரவிட மொழிகளின் உறவை நாம் நூலில் தேடுகின்றோம். பிள்ளைகள் தெருவில் ஆடிக் காட்டினர்.

ஆகவே, என் வேண்டுகோள் சிலவே. ஒன்று: நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுடையது. அதில் தனிப்பயிற்சியில்லை, கைப்பேசியில்லை, கட்டளையில்லை. இரண்டு: தெருவார் கூடி, அவ்வொரு மணி நேரம் வண்டி புகாத ஒரு தெருவையேனும் நகராட்சியிடம் கேட்டுப் பெறுங்கள். மூன்று: பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டுமென்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கின்றது, பள்ளி விட்டபின்னும் அதன் கதவு திறந்திருக்கட்டும். நான்கு: முதியோர் இருவர் மூவர் கூப்பிடு தொலைவில் அமர்ந்திருங்கள், பூசல் எழுந்தவுடன் ஓடாதீர், குருதி கண்டால் மட்டும் எழுங்கள்! ஐந்து: இனி ஞாயிறு மாலையில் நம் இயக்கம் பிள்ளைகளுக்கென ஒரு போட்டியும் வைப்பதில்லை என்று இக்கூட்டத்திலேயே முடிவெடுப்போம்.

விளையாடுதல் குழந்தையின் உரிமை என 1989இல் ஒன்றிய நாடுகள் அவை தன் உடன்படிக்கையில் எழுதிற்று. 1992இல் இந்தியாவும் அதனை ஏற்றது. நமக்கு அவ்வேடு வேண்டியதில்லை. விளையாட்டு என்னும் நம் சொல்லே போதும்.

தோழர்களே! தன்னாட்சி வேண்டுமென்று நாம் முழங்குகின்றோம். ஒரு தெருமுனையையும் ஒரு மாலையையும் தாமே ஆண்டு பழகாத பிள்ளைகள், நாளை நாட்டை எப்படி ஆள்வர்? தாமே கோடு கிழித்து, தாமே முறை வகுத்து, தாமே பூசல் தீர்த்து, தாமே மகிழ்ந்த பிள்ளைகளே அச்சமற்ற தமிழராக வளர்வர். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பிள்ளையிடம் ‘என்ன படித்தாய்?’ என்று கேளாதீர். ‘நாளை யாரோடு விளையாடப் போகின்றாய்?’ என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாமல் அது உங்கள் முகத்தைப் பார்க்குமானால், நம் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.

வெல்க தமிழ்! வாழ்க நம் இளங்குருத்துகள்!