வளர்கிற பிள்ளைக்கு எந்த அம்பு?



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு பிள்ளை வில்வித்தை பழக ஆசைப்பட்டால், வீட்டில் வில்லுக்குத்தான் விலை விசாரிப்பார்கள். அம்பு என்ன நீளம் என்று கேட்பவர்கள் குறைவு. பிள்ளையின் கைக்குப் பாதுகாப்பு அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

நாணை முழுக்க இழுத்து நிற்கும்போது அம்பின் முனை வில்லைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். அம்பு குட்டையாக இருந்தால் முனை உள்ளே வந்து, வில்லில் அம்பு அமரும் தாங்கியிலிருந்து நழுவி, வில்லைப் பிடித்திருக்கும் கைமேல் இறங்கிவிடும். அப்போது நாணை விட்டால் அம்பு கைக்குள்ளேயே பாயும். நீளம் கூடிய அம்பில் இந்த ஆபத்து இல்லை. எடை சற்றுக் கூடும், வளைவு கூடும், குறி கொஞ்சம் தாழும். பழகும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அளப்பது எளிது. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இஞ்சு டேப்பால் அளந்து, இரண்டரையால் வகுங்கள். வருவதுதான் இழுப்பு, அதாவது பிள்ளை நாணை இழுக்கும் நீளம். 60 அங்குலம் வந்தால் இழுப்பு 24 அங்குலம். அதோடு இரண்டு, மூன்று அங்குலம் சேர்த்து 26 அல்லது 27 அங்குல அம்பு வாங்கலாம். நாண் மாட்டும் பிளவிலிருந்து தண்டு முடியும் இடம்வரைதான் கணக்கு. இரும்பு முனை சேராது.

இது தொடக்கக் கணக்கு மட்டுமே. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற சீத்தல் தேவிக்குக் கைகள் இல்லை. காலால் வில்லைப் பிடித்து எய்கிறார். அவருக்கு எந்தக் கையளவை வைத்து வகுப்பது? அவரவர் உடம்பு இழுக்கிற இழுப்பே கடைசி அளவு. ஆகவே பயிற்சியாளர் முன்னிலையில், இலக்கைப் பார்த்தபடி, மிக லேசான வில்லில் நீண்ட அம்பொன்றை வைத்து இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் வில்லின் முன்விளிம்பு வரும் இடத்தைக் கவனித்துக்கொள்ளட்டும். நாணை விடாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவந்த பிறகு அங்கே குறி போடலாம். நிற்கும் நிலை சீராகச் சீராக இழுப்பும் நீளும் என்பதால், அன்றைய அளவுக்கே ஒட்ட வெட்டிவிடாதீர்கள். பள்ளிச் சீருடையில் கீழ்மடிப்பு விட்டுத் தைக்கிறோமே, அம்பிலும் அப்படி விடுங்கள்.

அண்ணன் அம்பைத் தம்பிக்குக் கொடுப்பதும் நம் வழக்கம். தம்பியின் கை குட்டை என்றால் அம்பு நீளமாகவே இருக்கும், பயமில்லை. தம்பி அம்பை அண்ணன் எடுப்பதுதான் கூடாது. பயிற்சிக்கூடத்தில் எல்லா அம்பும் ஒரே கூடையில் கிடந்தால், ஒவ்வொரு பிள்ளையின் அம்பிலும் தனி நிறத்தில் நூல் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கருவேலங்காட்டுக்குள் போன கார்பன் அம்பைத் தேடி எடுத்தால், மெல்ல வளைத்துப் பார்த்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் அதை மறுபடி எய்யக் கூடாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒருமுறை, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறை பிள்ளையின் கையை அளந்து பாருங்கள். முழு இழுப்பில் முனை வில்லை நெருங்கிவிட்டதென்றால் அன்றைக்கே அம்பை மாற்றிவிடுங்கள்.