காவலூர்க் கட்டுரை காவலூருக்குக் கிடைக்க வேண்டும்

இந்த ஆண்டுச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவில் நிறுவப்பட்டதோ அந்தப் பேராசிரியர், தம் கட்டுரைகளின் படிகளைக் கேட்டவர்க்கெல்லாம் தபாலில் அனுப்பியவர். இன்றைய பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை வேண்டியதில்லை.

யாரும் விலையின்றிப் படிக்கும் திறந்த அணுகல் (ஓபன் ஆக்சஸ்) ஆய்விதழ்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் எனக்கும் என் துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. இங்கிருப்பவர்களில் பலருக்கு அது பாதி தெரியும். கருத்தரங்குகளின் கேள்வி நேரத்தில் தொடங்கித் தேநீர் வேளையோடு கலைந்துபோகிற அந்த வாதத்தை இன்று முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

நண்பர்கள் சொல்வது இரண்டு. ஓபன் ஆக்சஸ் என்றால் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ், நல்ல இதழில் இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேருமிடம் என்பது பழைய வாதம். அரசு நிறுவனங்களுக்கு இதழ்களை வாங்கித் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டது, இனி எல்லா இதழும் நம் கையில், ஆகவே இந்தப் பேச்சையே விட்டுவிடலாம் என்பது புதியது. இரண்டையும் நான் மறுக்கிறேன். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு எந்த இதழில் வந்திருந்தாலும், அதன் ஒரு படி யாரும் விலையின்றிப் படிக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு வழிசெய்வது ஆய்வாளரின் கடமை, அவர் நிறுவன நூலகத்தின் கடமை. பதிப்பகத்தின் தயவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

2002 பிப்ரவரியில் வெளியான, திறந்த அணுகலுக்கான புடாபெஸ்ட் அறிக்கை இரண்டு வழிகளைக் காட்டியது. இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் கையெழுத்துப்படியை ஆசிரியரே ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவது முதல் வழி. இதழே வாசகரிடம் காசு கேட்காமல் இருப்பது இரண்டாவது. என் நண்பர்களுக்கு இரண்டாவது வழி மட்டுமே கண்ணில் படுகிறது, அதிலும் எழுதுகிறவரிடம் பணம் வாங்கும் இதழ்கள் மட்டுமே. முதல் வழியில் ஆசிரியருக்கும் செலவில்லை, வாசகருக்கும் செலவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் அதைப் பேசுவார் மிகக் குறைவு. இத்தனைக்கும் அதன் தேவைக்குச் சான்று இந்த ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது.

காவலூரும் ஒரு மார்ச் இரவும்

காவலூர் வான்ஆய்வகத்தைப் பற்றி உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். ஆலங்காயத்திலிருந்து மலையேறியவர்கள் அந்தக் குவிமாடங்களைப் பார்த்திருப்பார்கள். வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நகர வெளிச்சம் எட்டாத காடு, கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேல் உயரம், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டரை பாகையே வடக்கே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரிகிற வசதி. கொடைக்கானல் பட்டறையில் நம்மவர்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968இல் இங்கே வேலை தொடங்கியது. 1972இல் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 40 அங்குலத் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்துபோகும் என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். விண்மீன் பட்டியலில் அதற்கு எஸ்.ஏ.ஓ. 158687 என்று எண். கோள் விண்மீனை மறைக்கும்போது அதன் ஒளி எப்படி மங்குகிறது என்று அளந்தால், கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் பற்றி நிறைய அறியலாம். ஆகவே பல இடங்களில் காத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் ஒரு விமானத்திலேயே தொலைநோக்கியைப் பொருத்தி, கைப்பர் ஆய்வகம் என்று பெயரிட்டு, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு குழு இருந்தது. காவலூரில் 40 அங்குலத் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இருந்தார்கள்.

கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் தாழ்ந்து மீண்டது. மேகமா, கருவிக் கோளாறா, வேறேதாவதா என்று அந்தக் கணத்தில் யாரும் அறுதியிட முடியாது. விமானத்தில் இருந்த எலியட், டன்ஹம், மிங்க் மூவருக்கும் ஒரு வசதி இருந்தது. கோள் மறைப்பதற்கு முன்னால் ஐந்து தாழ்வுகள், கோள் விலகிய பிறகு அதே தொலைவுகளில் மறுபடி ஐந்து தாழ்வுகள் என்று இருபுறமும் அவர்கள் பதிவில் கிடைத்தன. இரு பக்கமும் ஒத்துப்போனால் கோளைச் சுற்றி வளையங்கள் இருக்க வேண்டும். 1977 மே 26 தேதியிட்ட நேச்சர் இதழில், 267ஆம் தொகுதியில், 328ஆம் பக்கத்தில் அவர்கள் கட்டுரை வந்தது. 330ஆம் பக்கத்தில் பெர்த் குழுவின் கட்டுரை. அடுத்த பக்கத்தில், 331இல், பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எழுதிய காவலூர்க் கட்டுரை. யுரேனசுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்பது அதன் தலைப்பு.

ஆய்வு மாணவர்கள் இந்த மூன்று கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் பல இடங்களில் சொல்லிவருகிறேன். காவலூர்க்காரர்கள் கையில் இருந்த பதிவுக்குத் துணைக்கோள் என்று பொருள் கொண்டது முறையானதே. பதிவு சரி, அளவு சரி. பக்கத்தில் இன்னொரு பதிவை வைத்த பிறகுதான் அதற்கு முழுப்பொருள் கிடைத்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் பட்டாச்சார்யாவும் பாப்புவும் தங்கள் பதிவை மறுபடி ஆராய்ந்து, சனிக் கோளுக்கு இருப்பதைப் போன்ற வளையத் தொகுதி யுரேனசுக்கும் உண்டு என்று நேச்சரின் 270ஆம் தொகுதியில் எழுதினார்கள். ஒரு மலை உச்சியில் கிடைத்த ஒற்றை அளவு, கடலுக்கு மேல் கிடைத்த அளவோடு சேர்ந்தபோது அறிவாயிற்று. ஆய்வுக் கட்டுரை பிறர் கண்ணில் பட வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. (1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 யுரேனசை நெருங்கி அந்த வளையங்களைப் படமெடுத்தது. அதே மாதம் 6ஆம் தேதிதான் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982இலேயே மறைந்துவிட்டார்.)

சரி, அந்த 331ஆம் பக்கத்தை இன்று ஆலங்காயத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் படிக்க நினைத்தால்? தலைப்பைத் தேடுபொறியில் இடுகிறார். பதிப்பகத்தின் பக்கம் திறக்கிறது. ஒரு பத்தி தெரிகிறது, அதன் கீழே விலை வருகிறது. இரண்டே பக்கக் கட்டுரை. அதை எழுதியவர்களுக்குச் சம்பளம் தந்தது இந்திய அரசு. தொலைநோக்கியை வாங்கியது இந்திய மக்களின் வரிப்பணம். நடந்த இடம் இந்த மலை. படிக்கும் உரிமை மட்டும் வேறொருவர் கையில் இருக்கிறது.

இதற்கு 68 ஆண்டுகள் முந்திய ஒரு கண்டுபிடிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். இன்று உலகம் முழுவதும் எவர்ஷெட் விளைவு என்று அழைப்பது அதைத்தான். அதை அவர் கொடைக்கானல் வான்ஆய்வகத்தின் சொந்த வெளியீட்டில், பதினைந்தாவது எண்ணில் அச்சிட்டார். அந்தக் காலத்து வான்ஆய்வகங்கள் தங்கள் வெளியீடுகளை ஒன்றுக்கொன்று விலையின்றி அனுப்பிக்கொண்டன. கிரீனிச்சிலிருந்து நமக்கு வரும், நம்மிடமிருந்து கிரீனிச்சுக்குப் போகும். கொடைக்கானல் வெளியீடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் நூலகம் மின்படியாக்கித் தன் இணையக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 1909இல் கொடைக்கானலில் கண்டதை இன்று எந்த ஊரிலிருந்தும் யாரும் இறக்கிப் படிக்கலாம். 1977இல் காவலூரில் கண்டதற்குப் பதிப்பகத்தின் வாசலில் விலை கேட்கிறார்கள்.

திறந்த அணுகல் தரம் குறைந்தவர்களின் புகலிடம் என்கிற நண்பர்கள் எவர்ஷெட்டுக்கு என்ன பதில் சொல்வார்கள்? நிறுவனமே வெளியிட்டு, விலையின்றி அனுப்பி, உலக அறிவியலில் நிலைத்த பெயர் அது. வானியலாளர்கள் அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியத்தில் தங்கள் கட்டுரைகளைச் சேர்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். இதழ் எதுவானாலும் படி அங்கே கிடைக்கும். நாசாவின் வானியற்பியல் தரவகத்தில் தேடினால், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதுவரை காசில்லாமல் தெரியும். வானியல் செய்வதைத் தாவரவியலும் மானிடவியலும் வரலாறும் ஏன் செய்யக்கூடாது என்பதே என் கேள்வி.

காசும் தரமும்

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ்கள் இருப்பது உண்மை. அவற்றால் நம் மாணவர்கள் ஏமாந்ததும் உண்மை. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் தரமான இதழ்களைக் காட்டும் கேர் பட்டியலைக் கொண்டுவந்தது, 2025இல் அதைக் கைவிட்டது. பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதழைப் படித்துப் பார்த்துத் தீர்மானிக்கும் வேலை ஆசிரியருடையதுதான். ஆனால் தரம் வேறு, அணுகல் வேறு. சர் சி. வி. ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்கள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. மூலிகை அறிவு பற்றி எழுதுவோர் விரும்பும் இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரடிஷனல் நாலெட்ஜ் இதழையும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் ஆசிரியரிடம் ஒரு காசும் கேட்காத இதழ்களை மட்டும் பிரித்தெடுத்துத் தேட முடியும். மறுபுறம், நேச்சரில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 2021இல் 9,500 யூரோ கேட்டார்கள். அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தைக் கட்டச் சொல்லி நான் ஒருநாளும் வாதாடியதில்லை. களஞ்சியத்தில் படி வையுங்கள் என்கிறேன்.

நண்பர்களின் இரண்டாவது வாதமான சந்தாத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய உதவி, வரவேற்கிறேன். ஆனால் நான் சொன்ன பள்ளி ஆசிரியர் அதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர் இல்லை. ஓய்வு பெற்ற ஆய்வாளர் இல்லை. சந்தாவை நிறுத்திய நாளில் கதவும் மூடிவிடும். நாம் எழுதியதை யாழ்ப்பாணத்திலோ நைரோபியிலோ இருப்பவர் படிக்க இந்தப் பணம் உதவாது.

2014 டிசம்பரிலேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் படி களஞ்சியத்தில் சேர வேண்டும் என்று கொள்கை வகுத்தன. அதற்கும் பத்தாண்டு முன்னால், 2004 மே மாதத்தில், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுப்பையா அருணாசலம் முன்னின்று பயிலரங்கு நடத்திக் களஞ்சியம் அமைக்கக் கற்றுக்கொடுத்தார். கொள்கையும் இருக்கிறது, கற்றவர்களும் இருக்கிறார்கள். செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

மேற்கொண்டு செய்ய வேண்டியவை

நேரம் ஆகிவிட்டது. மாணவர்களுக்குச் சிலவற்றை மட்டும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

விலை கேட்கும் பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பின் கீழே, அதன் எல்லாப் பிரதிகளையும் காட்டும் இணைப்பைத் தட்டினால் ஆசிரியரின் படி எங்காவது இருக்கிறதா என்று தெரியும். அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் அதைத் தேடித் தரும். எதுவும் இல்லாவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலோர் அனுப்புவார்கள். இந்த ஜவ்வாது மலையைப் பற்றித் தேடுவோருக்கு இன்னொன்று: மலையின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பாருங்கள்.

இந்த மலையைப் பற்றி வந்த கட்டுரைகள், ஆய்வேடுகள் அனைத்துக்கும் ஒரு நூற்பட்டியல் வேண்டும். கல்திட்டைகள், நடுகற்கள், சந்தன மரம், சாமைப் பயிர், மலையாளிப் பழங்குடி மக்களின் மருத்துவம் என்று பிரித்துக்கொண்டு ஒரு துறை முனைந்தால் ஓராண்டில் முடியும். மூலிகை அறிவைச் சொன்னவர்கள் மலையாளி மக்கள். அதை வைத்து எழுதிய கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, சில விலைக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி அந்த ஊருக்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஆய்வாளரின் கடன் என்று கருதுகிறேன். அதைத் தனி உரையாகவே பேச வேண்டும். தமிழ் ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளை மின்படியாக்குவதும் அப்படியே.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த உரையைச் சிறுநூலாக அச்சிடப் போவதாகச் சொன்னீர்கள். அச்சிடும் அன்றே அதை யாரும் இறக்கிக்கொள்ளவும் படியெடுக்கவும் அனுமதி தந்து இணையத்தில் வையுங்கள். என் தரப்பில் தடையில்லை என்று எழுத்துமூலம் இன்றே கொடுத்துவிடுகிறேன். முந்தைய ஆண்டுகளின் சொற்பொழிவுகள் அலமாரியில் இருக்கின்றன, அவற்றையும் அவ்வாறே செய்ய உரையாசிரியர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஒப்புதல் கேளுங்கள்.