பறைக்கு விவர அட்டை எழுதுவது யார்?

(பேளுக்குறிச்சியில் மாணவர்கள், களப்பணியாளர்கள் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் ஒரு கலை, புகைப்பட அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். 'மேப்' என்று சுருக்கமாகச் சொல்றாங்க. தொழிலதிபர் அபிஷேக் பொத்தார் தன் சேகரிப்பைக் கொடுத்துத் தொடங்கியது. 'எல்லோருக்குமானது' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அடையாளம். சும்மா சொல்லலை. சக்கர நாற்காலி போக வழி இருக்கு. பார்வையற்றவர்கள் தொட்டு உணர வடிவங்கள் இருக்கு. இதை நாம் கேலி பண்ண வேண்டியதில்லை. வாசலிலேயே நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று நமக்குத்தான் நல்லாத் தெரியும்.

ஆனா, இந்த 'எல்லோரும்' யாருடைய பணத்தில் உள்ளே வருகிறார்கள்? அங்கே கலைப்பொருள் பாதுகாப்பு மையத்துக்கு இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் பெயர். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 135ஆவது பிரிவு என்ன சொல்லுது? நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கணும். அந்தப் பட்டியலில் கலை, பண்பாடு, மரபுக் கைவினை எல்லாம் வருது. நாளெல்லாம் வங்கியில் பற்று வரவு எழுதுகிறவன் சொல்கிறேன், இது தர்மக் கணக்கில் வராது, கடமைக் கணக்கில்தான் வரும். அந்த லாபத்துக்குள்ளே நம் சனங்களின் வேர்வையும் இருக்கு. ஆகவே 'முதலாளி காசைத் தொடாதே' என்கிற பரிசுத்தவாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பரிசுத்தம் என்ற வார்த்தையே நமக்கு ஆகாத வார்த்தை.

காசு வாங்கின பிறகு சுவரில் யார் பெயர் இருக்கும்? சிக்கல் அங்கேதான். கொடுத்தவர் பெயர் பித்தளையில் இருக்கும். வேப்பமரச் சட்டம் இழைத்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, தோலை இழுத்து ஒட்டிப் பறை செய்தவர் பெயர்? 'தோல் கருவி, தமிழ்நாடு' என்று ஒரு அட்டை. கவலை இறைக்கத் தும்பி தைத்துக் கொடுத்து இந்தக் கொங்குக் காட்டையே நனைய வைத்த அருந்ததியர் கைகளுக்கு அந்த அட்டைகூடக் கிடையாது. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகைக்கூட 'கொல்லிமலை மிளகு'ன்னு பேர் சொல்லித்தானே விக்கிறாங்க?

பித்தளைப் பெயர் நிரந்தரம் என்றும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஆக்சிகான்டின் என்ற வலிமாத்திரை விற்றுச் சம்பாதித்த குடும்பம் சாக்லர். அந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நான் கோல்டின், தோழர்களோடு அருங்காட்சியகங்களுக்குள்ளேயே படுத்துப் போராடினார். 2019இல் பாரிஸ் லூவரும் 2021இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் அந்தப் பெயரை எடுத்தன. எடுக்க வைத்தது கலைஞர்களின் கூட்டம்.

புரவலரை இப்போது 'பார்ட்னர்' என்கிறார்கள். நம்ம ஊரில் பங்காளி என்றால் யாருங்க? சொத்தில் பாத்தியதை உள்ளவன், பாகம் கேட்டுச் சண்டை போடுகிறவன். அந்த அர்த்தத்தில் நாமும் பங்காளி ஆகணும். என்ன வாங்குவது, எதைத் தொங்கவிடுவது என்று தீர்மானிக்கிற குழுவில் தலித் கலைஞர்களும் பறையடிக்கிறவர்களும் உட்காரணும். பணம் கொடுத்தவர் ரசீது வாங்கிக்கொள்ளட்டும், அட்டையை நாம் எழுதுவோம்.

அதற்குக் கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதோ, ஒரு நாற்பது பக்க நோட்டைச் சுற்றுக்கு விடுகிறேன். உங்க ஊரில் பறை கட்டத் தெரிந்தவர்கள், தும்பி தைத்த பெரியவர்கள் பெயரை, சம்மதம் கேட்டு, முழுசா எழுதுங்க. பட்டப்பெயர் வேண்டாம்.