தேனுக்குள் தெரியும் உருவம்

பிள்ளைகளின் படிப்புக்காகக் காணியையும் கழுத்து நகையையும் அடகு வைத்துவிட்டு இன்று முன்வரிசைக்கு வரக் கூச்சப்பட்டுப் பின்னால் நிற்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் இளைஞர்களே,

இந்த ரிஷிவந்தியத்து அர்த்தநாரீசுவரருக்குத் தேனால் அபிஷேகம் செய்யும்போது, மற்ற வேளைகளில் கண்ணுக்குப் புலப்படாத அம்பிகையின் வடிவம் லிங்கத் திருமேனியில் துலங்கும் என்பதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் அதை என் பாட்டியின் இடுப்பில் அமர்ந்து எட்டிப் பார்த்தவன். அதே பாட்டிக்குப் பிற்காலத்தில் கண்புரை முற்றித் தீபாராதனையைக் கற்பூர வாசனையால் மட்டுமே அறிந்துகொள்ளும் நிலை வந்தது. முகாமொன்றில் அறுவை நடந்து புரை நீங்கியது. ஆனால் அக்கால வழக்கப்படி புரையோடு விழியின் வில்லையும் எடுக்கப்பட்டுவிட்டதால், சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி ஒன்றே அவளுக்கு உலகமாயிற்று. ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளியதில் ஒருநாள் அது உடைந்தது. வேறு கண்ணாடி வரும்வரை எட்டு மாதம் பாட்டி மறுபடியும் சுவரைத் தடவியே நடந்தாள்.

இந்தக் கதையை நான் சொல்லக் காரணம், இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த விரும்பும் மனிதரின் வாழ்க்கை முழுவதும் இத்தகைய பாட்டிகளைப் பற்றியதாகவே இருந்தது என்பதுதான். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்னும் கிராமத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, நெருங்கிய உறவுப் பெண்கள் பிரசவ காலத்தில் மாண்டதைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தபோது, கடுமையான மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளிக் கைவிரல்களைக் கோணலாக்கிப் பேனா பிடிப்பதையே பெரும் பிரயத்தனமாக்கிவிட்டது. மகப்பேறு மருத்துவம் கைநழுவியது. அவரோ கண் மருத்துவத்துக்குத் திரும்பி, தம் விரல்களுக்கு இசைவான கருவிகளைச் செய்வித்து, அக்கைகளாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். தொழில்நுட்பம் என்ற சொல்லுக்கு நான் அறிந்த முதல் விளக்கம் அந்தக் கருவிகளே.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், 1976இல், உடன்பிறந்தோரையும் அவர்தம் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் தரக்கூடியவர் தரும் பணத்தில் தர இயலாதவருக்கும் அதே தரத்தில் சிகிச்சை என்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. தர்மம் செய்பவன் கணக்குப் பார்க்கலாகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கணக்குப் பார்க்காத தர்மம் மூன்றாம் வருஷம் கதவடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, பாட்டி இழந்த வில்லையின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணுக்குத் தீங்கு செய்யாததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர், 1949இல் லண்டனில் அவ்வகைப் பொருளாலேயே வில்லை செய்து விழிக்குள் பொருத்தினார். பாட்டியின் சோடாப் புட்டிக்கு விடுதலை அன்றே பிறந்துவிட்டது. அது நம் ஊருக்கு வந்து சேரத்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இறக்குமதி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதது. ஏழை நாடுகளுக்கு இது ஆடம்பரம் என்று பெரிய நிபுணர்களே அபிப்பிராயம் கூறினர். வெங்கடசாமி அதை ஏற்கவில்லை. பெரியம்மை ஒழிப்புக்காக இந்தியக் கிராமங்களில் அலைந்த லாரி பிரில்லியண்ட் முதலியோர் 1978இல் அமெரிக்காவில் நிறுவிய சேவா அறக்கட்டளையின் துணையோடும், டேவிட் கிரீன் என்பவரின் முயற்சியோடும், 1992இல் ஆரோலேப் என்னும் ஆலை மதுரையில் எழுந்து, அந்த வில்லையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்குத் தரலாயிற்று. தேன் வழியே அம்பிகையைக் காட்டிய ஊர்க்காரனுக்கு, குன்றிமணியளவு வில்லை ஒன்று பேரனின் முகத்தைக் காட்டுவது அதிசயமாகத் தோன்றவில்லை. அந்த விலைதான் அதிசயமாகத் தோன்றியது.

ஆயினும் வில்லை மலிந்தால் போதுமா? கண் நோயுற்ற கிராமத்தாருள் இலவச முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு என்று 1999இல் வெளிவந்த ஆய்வொன்று சொல்லிற்று. அந்த ஆய்வில் அரவிந்தைச் சேர்ந்த ஒருவரும் பங்குகொண்டிருந்தார். சிகிச்சை இலவசம், ஆனால் பஸ் சத்தம் இலவசமன்று. துணைக்கு வருபவனின் ஒருநாள் கூலியும், இந்த வயதில் இது எதற்கு என்ற கூச்சமும் கிழவியை வீட்டிலேயே இருத்திவிட்டன. தம் குறையைத் தாமே அச்சேற்றும் துணிவு எத்தனை ஸ்தாபனங்களுக்கு உண்டு?

அதன் பலனாகவே சிற்றூர்களில் பார்வை மையங்கள் முளைத்தன. அரவிந்தின் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்ட மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயரமான கம்பங்களில் திசை பார்த்துப் பூட்டிய ஆன்டெனாக்களால் இணைத்து, வழக்கமாகச் சிறு தூரமே எட்டும் வைஃபை அலையைப் பல கிலோமீட்டர் தூரம் ஓடச் செய்தனர். நோயாளி தன் ஊரிலேயே அமர்ந்திருக்க, மருத்துவர் திரையில் அவளோடு பேசுகிறார். அம்மையத்தில் பரிசோதிப்பவள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற, உங்களைப் போன்றதொரு கிராமத்துப் பெண். நீரிழிவால் சிதையும் விழித்திரையைப் படத்திலிருந்து கண்டறியக் கூகுள் நிறுவனம் கணினிக்குக் கற்பித்து 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கும் அரவிந்தின் படங்கள் உதவின. படித்துக் கொடுப்பது கணினியானாலும், கிழவியின் தாடையைப் பரிவோடு தாங்கி அசையாமல் வைக்கும் கை இன்னமும் அந்தப் பெண்ணுடையதே.

வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானார். நம் கள்ளக்குறிச்சி மாவட்டமோ அதற்குப் பின் 2019இல்தான் பிறந்தது. 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு குடிசையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவர இன்றைக்கும் ஒரு பகல் வேண்டும், ஒரு துணை வேண்டும், இரண்டு பேருக்குச் சத்தம் வேண்டும்.

கணினி படித்தவர்களும் கணக்குப் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதை நான் தடுக்கவில்லை. போவதற்கு முன், உங்கள் தெருவில் அறுபது கடந்தவர்களின் கருவிழியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவே வெண்மை படர்ந்திருந்தால், ஒரு நாள் குறித்து, அவர்களுக்கும் சேர்த்துச் சீட்டெடுத்து, நீங்களே கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.